மூன்று விரல் குறைந்த உறை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டாலும் அதை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும். தையல் வேலை என்றால் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். சுசிலா அக்கா எனக்குப் பழக்கமானதும் அப்படித்தான். நான் முள்ளியவளையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். கோயில் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் செபப்புத்தகத்துக்குப் பூத்தையல் போட்ட துணி உறை இருந்தது. பூசை நடக்கும்போதே அதன் ஓரத்தைப் புரட்டினேன்.

"என்ன ரீச்சர், முடிச்சுத் தேடுறீங்களோ? கிடையாது" என்றார் அவர்.

கிடைக்கவுமில்லை.

அவர் முல்லைத்தீவுக் கரைக்காரர். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து குடும்பமாக இடம்பெயர்ந்து வந்தவர்கள். கணவர் மரியநேசன் முள்ளியவளையிலிருந்தும் சைக்கிளில் கரைக்குப் போய்த் தொழில் செய்தார். தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் கடலுக்குப் போனவர் வரவில்லை. வள்ளமும் வரவில்லை. சொந்தக்காரர் எல்லோரும் இறந்தவர்களுக்கான பூசையைக் கொடுக்கச் சொல்லி நச்சரித்தார்கள். அக்கா அசையவில்லை. "ஆளைக் காணேல்லை எண்டுதான் எனக்குத் தெரியும். செத்ததை ஆர் கண்டது?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். கார்த்திகையில் கோயிலில் வாசிக்கும் இறந்தவர்களின் பட்டியலில் நேசன் பெயர் இல்லை.

முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கும் கலியாணப் பெண்களுக்கும் அவர் செபப்புத்தக உறை தைத்துக் கொடுத்தார். பொருளாதாரத் தடையால் நூல் வராத காலம். பழைய சேலைக் கரைகளை உருவி நூல் எடுப்பார். பச்சை வேண்டுமென்றால் பச்சைச் சேலை உள்ள வீடாகப் பார்த்துப் போய்க் கதை கொடுப்பார். இந்த உறைக்குப் பூப்போடும் வழக்கத்தை முதலில் தொடங்கியது யார் என்று குடைந்தேன். "எனக்கு மடத்துச் சிஸ்டர் பழக்கினவா. அவாக்கு இன்னொரு சிஸ்டர். அதுக்கங்காலை நான் கேக்கேல்லை. நீங்கள் மோட்சத்துக்குப் போனால் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

தொண்ணூற்றைந்தில் அந்தோனியார் திருநாளுக்கு முன்பு பங்குச் சுவாமியார் அவரைக் கூப்பிட்டார். பூசையில் வாசிக்கும் பெரிய நற்செய்திப் புத்தகம் இடப்பெயர்வில் மழைபட்டு மட்டை உரிந்திருந்தது. திருநாள் பவனியில் அதைத் தூக்கிப் போகவேண்டும். ஓர் உறை தைக்க முடியுமா?

மூன்று மாதம் தைத்தார். முன்பக்கம் கரை, தென்னை, சின்னக் கோயில். பின்பக்கம் முழுக்கக் கடல். இரண்டுக்கும் நடுவில் சங்கிலித் தையலில் ஒரு வள்ளம், நீலத்தில் சிவப்புக் கோடு போட்டது. அது நேசனின் வள்ளம். நீலத்துக்குத் தன் கலியாணச் சேலையின் கரையை உருவியிருந்தார். "எங்களிட்டை அந்த வள்ளத்தின்ரை படமொண்டும் இல்லை ரீச்சர். இதுதான் படம்" என்றார். மறுபக்கத்தைப் புரட்டினேன். அங்கும் கடல் கடலாகவே இருந்தது.

திருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் உறையைப் போட்டுப் பார்த்தோம். விரித்த புத்தகத்தில் அளவெடுத்த சட்டைபோல இருந்தது. சுவாமியார் புத்தகத்தை மூடப் பார்த்தார். மூடவில்லை. துணி இழுத்துப் பிடித்தது. அக்காவின் முகம் செத்துப்போனது.

விரித்தால் பொருந்துகிற உறை மூடினால் எப்படிக் குறையும்? நான் புத்தகத்தை மடியில் வைத்து விரித்தும் மூடியும் பார்த்தேன். மூடும்போதுதான் புத்தகத்தின் தடிப்பு வெளியே வருகிறது. அதையும் துணி சுற்றிவர வேண்டும். அந்தத் தடிப்பு மூன்று விரல்.

"எப்பிடியக்கா அளந்தனீங்கள்?"

"விரிச்சபடி மேசையிலை இருந்தது. தொடாமல் மேலாலை சாண் போட்டனான். விரிச்ச நற்செய்தியை நான் ஆர் மூட?"

சின்னச் செபப்புத்தகங்களைக் கையில் வைத்து, மூடி, துணியைச் சுற்றித்தான் வெட்டுவார். இதைத் தொடவே பயந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாத வேலை, ஒருதரம் மூடிப் பார்த்திருக்கக் கூடாதா என்று கத்திவிட்டேன். சுவாமியார் பாவம், "பரவாயில்லைப் பிள்ளை, விரிச்சபடியே தூக்கிக்கொண்டு போவம்" என்றார்.

"காத்துக்குத் தாள் பறக்கும் சுவாமி" என்றார் அக்கா.

ஒரே வழிதான் இருந்தது. உறையை நடுவில் வெட்டி, மூன்று விரல் அகலத்துக்குத் துணி வைத்துத் தைக்க வேண்டும். நடுவில் இருந்தது வள்ளம். நான் வேறு வழி தேடினேன். இரண்டு ஓரங்களிலும் ஒட்டுப் போட்டால் வள்ளம் தப்பும், ஆனால் கரையும் கடலும் ஓரம்வரை எட்டாமல், முன்னும் பின்னும் வெறும் ஒட்டுத்துணி தெரியும். "வேண்டாம். வெட்டுறதெண்டால் நான்தான் வெட்டவேணும்" என்று அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். துணியை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், ஆனால் பார்க்கவில்லை.

திருநாளன்று காலையில் உறையைக் கொண்டுவந்தார். வள்ளம் நீண்டிருந்தது. வைத்துத் தைத்த துண்டில் பலகைகள் தொடர்ந்து ஓடின. அவற்றின் மேல் ஒரு மனிதன் கடலைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"முகம் ஏனக்கா வைக்கேல்லை?" என் வாய் சும்மா இருக்காது.

"நாலு வருசத்திலை முகம் மங்கிப் போச்சு ரீச்சர். எவ்வளவு யோசிச்சும் வருகுதில்லை. ஆனா ஒவ்வொரு நாளும் அவர் கடலுக்குப் போகேக்கை கரையிலை நிண்டு முதுகைத்தானே பாத்தனான். அதெண்டால் கண்ணை மூடிக்கொண்டும் தைப்பன்."

சுவாமியார் புத்தகத்துக்கு உறையைப் போட்டு மூடினார். மூடியது. அக்கா கையால் ஒருதரம் அதைத் தடவினார். பிறகு, "சுவாமி, இந்தமுறை கார்த்திகைப் பட்டியலிலை நேசன்ரை பேரையும் எழுதுங்கோ" என்றார்.

அவர் அழவில்லை. நான்தான், உறை நனைந்துவிடப் போகிறதே என்று தள்ளிப் போய் நின்று அழுதேன்.