முனிக்கு மொழிபெயர்த்த காலை

1. சுருட்டு

ராணுவ முகாமில் சிங்களம்–தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன் என்றால், பெரிய பெரிய ரகசியமெல்லாம் என் வாய் வழியாகப் போயிருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் லீவுக் கடிதமும் பல்வலியும்தான் போயின. ஆனால் ஒரே ஒரு தடவை சாமிக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக அதை எழுதி வைக்கிறேன்.

அன்று காலை நுவரெலியாப் பக்கத்து எங்கள் கேம்பில் ஒரே கூச்சல். ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து சார்ஜன்ட் பண்டார ஒரு சுருட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். அது இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பின்னால் யோகராஜ் தலையைத் தொங்கப் போட்டபடி வந்தான். அக்கரப்பத்தனைத் தோட்டத்துப் பையன், ஜெனரேட்டர் ஓட்டும் வேலைக்கு அன்றுதான் போட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். தேயிலை பெக்டரியில் சுழலும் பெரிய சக்கரத்தை எங்கள் தோட்டத்து ஆட்கள் ரோதை என்பார்கள். ரோதையைக் காக்கும் சாமி ரோதை முனி. யோகராஜின் அப்பா ஆயுள் முழுக்க பெக்டரியில் வேலை பார்த்தவர். முனி இறங்குவதும் அவர் மேல்தான். மகனுக்கு ஜெனரேட்டரும் ஒரு ரோதைதான். ஆகவே முதல் நாள் அதன் காலடியில் எலுமிச்சம்பழமும் பற்ற வைத்த சுருட்டும் வைத்திருக்கிறான். டீசல் பீப்பாவுக்குப் பக்கத்தில்.

சார்ஜன்ட் சுருட்டைப் பிடுங்கிவிட்டு, "இப்போ ஸ்டார்ட் பண்ணு" என்றிருக்கிறார். இவன், "முனிக்கு வைக்காம ரோதையத் தொடமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். சார்ஜன்ட் தானே ஸ்டார்ட் பண்ணினார். அது சமர்த்தாக ஓடியது. மேலதிகாரி சொல்லை மீறியதாகச் சார்ஜ் ஷீட் எழுதிவிட்டார்கள். நிரூபணமானால் வேலை போய்விடும்.

2. விசாரணை

யோகராஜின் சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். ஆனாலும் விசாரணை என்றால் மொழிபெயர்ப்பாளர் இருந்தாக வேண்டும் என்பது கேம்புக்குப் பொறுப்பான மேஜரின் கட்சி. நல்ல மனிதர், எதையும் ஒழுங்குப்படி செய்ய வேண்டும் அவருக்கு.

"எந்த மதத்துக்காரனும் இங்கே கும்பிடலாம், அது உரிமை. ஆனா இது எந்த மதம்? டவுன் கோயில் குருக்களுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். சுருட்டுப் பிடிக்கிற சாமி தங்கள்கிட்ட இல்லையாம்" என்றார் சிங்களத்தில்.

"குருக்கள் பெக்டரியில வேலை செஞ்சதில்லீங்க சேர்" என்றான் யோகராஜ். சார்ஜன்ட் இருமினார்.

மேஜர் யோசித்து ஒரு வழி சொன்னார். எலுமிச்சம்பழம் வைக்கலாம். சுருட்டைப் பற்ற வைக்காமல் வைக்கலாம்.

"அத நான் ஒத்துக்க முடியாதுங்க சேர். முனியத்தான் கேக்கணும்."

"சரி, கேள்."

"அப்பா மேலதான் சேர் வருவாரு."

மேஜருக்கு என்ன தோன்றியதோ, மேசையில் கிடந்த போனைக் காட்டினார். எனக்கு அப்போதே சிரிப்பு வர ஆரம்பித்துவிட்டது.

3. முனி

யோகராஜ் ஸ்பீக்கரில் போட்டான். "அப்பா, மேஜர் சேர் முனிகிட்ட பேசணுமாம்."

"இப்பவா? தப்பு மேளம் அடிக்க ஆளில்லயேடா" என்றார் அப்பா. பிறகு, "இந்தா, அந்தப் பானை மூடியத் தட்டு" என்று யாரிடமோ சொன்னார். யோகராஜின் அம்மா மூடியைத் தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போன் மேசையிலேயே அதிரும்படி ஓர் உறுமல். சார்ஜன்ட் தானாக அட்டென்ஷனில் நின்றார்.

"எவன்டா என்னயக் கூப்பிட்டது?"

"யார் அழைத்தீர்கள் என்று கேட்கிறார், சேர்" என்றேன் சிங்களத்தில்.

"மேஜர் என்று சொல்லுங்க."

சொன்னேன்.

"மேஜரோ, கண்டாக்கோ, எவனா இருந்தா எனக்கென்னடா?"

கண்டாக்கு என்றால் தோட்டத்தில் எங்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை. நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்கிறார், சேர்" என்றேன்.

"ஏய் புள்ள, நான் அதையா சொன்னேன்?" என்றது போன்.

முனிக்குச் சிங்களம் விளங்கும், பேசுவதுதான் தமிழ் மட்டும் என்று யோகராஜ் என் காதில் ஓதினான். ரிட்டயராகப் போகும் வயதில் என்னை ஒருவர் புள்ள என்று அதட்டியதில் எனக்குக் கோபம் வரவில்லை, குஷியாகத்தான் இருந்தது.

பேரம் ஆரம்பமானது. "பத்த வைக்காத சுருட்ட நான் கடிச்சா திங்கிறது?" என்றார் முனி. டீசல் இருக்கிறது, தீப்பிடித்தால் பையனே போய்விடுவான் என்றார் மேஜர். முனி கொஞ்சம் அடங்கினார். "அப்ப ஷெட்டுக்கு வெளிய தள்ளி ஒரு கல்லு போடு. சுருட்டு அங்க. பழம் உள்ள. சாராயம்?" கேம்புக்குள் சாராயம் கிடையாது என்றார் மேஜர். "ப்ளேன்டீயாச்சும் வையிடா. சீனி கூடப் போடு."

சார்ஜன்டுக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் எதுக்கு சேர்? முனி இல்லாமலே காலையில மெஷின் ஓடிச்சே."

மேஜர் என்னைப் பார்த்தார். முனியிடம் கேட்டேன். பானை மூடிச் சத்தம் நின்றது.

"ஓடும்டா. நான் இல்லாமலும் ஓடும். ஓடுற ரோதையில என் புள்ள கை போகாம இருக்கத்தான் நான் நிக்கிறேன். நாளைக்கு அவன் கை போச்சுன்னா நீ பொறுப்பெடுக்கிறியா? எடுக்கிறேன்னு சொல்லு, இப்பவே மலையேறிடறேன்."

இதை மழுப்ப எனக்கு மனசு வரவில்லை. அந்த 'நீ'யையும் விடாமல், சிங்களத்தில் மரியாதையில்லாத 'உம்ப' என்றே மேஜரின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

மேஜர் யோகராஜின் கைகளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அவரை இருக்கச் சொல்லுங்க" என்றார்.

போனில் ஒரு பெரிய ஏப்பம். முனி அப்பாவின் உடம்பை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தது வேறு குரல், மெலிந்து, பணிவாக.

"குட் மோர்னிங் சேர். முனி வந்தாருங்களா? மரியாதையாப் பேசினாருங்களா? கோவிச்சுக்காதீங்க சேர். ஒரே மகன். கொஞ்சம் பாத்துக்குங்க சேர்."

நான் வாயைத் திறக்குமுன் மேஜர் போன் பக்கம் குனிந்தார். "பாத்துக்கிறேன் ஐயா" என்றார், உடைந்த தமிழில். ஒரு நிமிடத்துக்கு முன் சாமியிடம் எடுக்க மறுத்த பொறுப்பை அந்த மனிதரிடம் எடுத்துக்கொண்டார். நான் அழுதுவிட்டேன், சிரித்துக்கொண்டே.

சார்ஜ் ஷீட்டைக் கிழித்தார்கள். கல்லைச் சுமந்து வந்து போட்டவர் சார்ஜன்ட் பண்டார. சீனி போதுமா என்று யோகராஜிடம் கேட்பவரும் அவர்தான்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. சாமியோ சார்ஜன்டோ, திட்டினால் திட்டியபடியே சொல்லுங்கள். நான் அந்த 'உம்ப'வை விழுங்கியிருந்தால், மேஜர் சுருட்டைப் பற்றி மட்டும் ஒரு முடிவு எடுத்திருப்பார். பையனின் கைகளைப் பார்த்திருக்க மாட்டார்.