பானட்டில் வைத்த பொட்டு

பெயிண்ட்ல கலக்குற தின்னர் வாசனை... இன்னைக்கும் எங்கயாவது அந்த வாடை அடிச்சா அவனியாபுரம் ஷெட்டுதான் ஞாபகம் வரும். தகரக் கூரை, ஆனி மாச வெயில், நடுவுல ஒரு பெரிய கார்.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. இன்ஜினியரிங் முடிச்சிட்டு, ஆபீஸ் வேலை பிடிக்காம கார் பாடி வேலைக்கு வந்தவன். அந்தக் கார் ஒரு மில் முதலாளியோட தாத்தா காலத்துல சீமையில இருந்து கப்பல்ல வந்தது. வெளிய தகடு, உள்ள பூரா மரச்சட்டம். சட்டத்தைக் கரையான் அரிச்சிருந்துச்சு.

"பழையபடி ஆக்குனா போதாது தம்பி. அதை விட நல்லா வரணும்"னாரு முதலாளி.

அப்படி வந்துட்டா, அவர் குடோன்ல நின்ன இன்னும் ரெண்டு பழைய காரும் என் கைக்கு. திருப்பரங்குன்றம் ரோட்டுல சும்மா கிடந்த அவரோட ஷெட்டும் எனக்கு. சொந்தத் தொழில்... அன்னைக்கு எனக்கு வேற நினைப்பே கிடையாது.

எட்டு மாசம். புதுசா தேக்குச் சட்டம். கதவு தொங்காம இருக்க கீலை மாத்தினேன். கண்ணாடி கடகடன்னு ஆடாம இருக்க உள்ள ரப்பர் கொடுத்தேன். ஹெட்லைட்டுக்குள்ள இருக்குற கிண்ணத்தை தெற்காவணி மூல வீதியில ஒரு ஆசாரிகிட்ட கொடுத்து வெள்ளி முலாம் பூசி வாங்கினேன். பின் சீட்டுப் பக்கம் பூ வைக்க ஒரு குட்டி வெள்ளிக் குப்பி கூட இருந்துச்சு, அதோட நசுங்கலையும் எடுத்தாச்சு.

பெயிண்ட் அடிச்சது சேகர். என்னை விட மூணு வயசு சின்னவன், நல்ல கை. கலர் கலந்தது நான். சந்தன வெள்ளை. பதினோரு கோட்.

கடைசி கோட் முடிஞ்சதும் பத்து நாள் கேட்டேன். பெயிண்ட் மேல காஞ்சாலும் உள்ள இளக்கமா இருக்கும். முதலாளி வீட்டம்மா காலண்டரைப் பாத்தாங்க.

"வெள்ளிக்கிழமை விட்டா ஆடி பொறந்துரும். ஆடியில வண்டி எடுக்கவா?"

அதுக்கு மேல பேச்சில்லை. "பூஜை பண்ணட்டும்டா, பானட்டுல மட்டும் யாரையும் கை வைக்க விடாத"ன்னு சேகரை முன்னால நிக்க வச்சேன்.

வெள்ளிக்கிழமை. எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுச்சு. அப்புறம் அந்தம்மா தாம்பாளத்தோட வந்து சந்தனத்தைக் குழைச்சு, குங்குமத்தைத் தொட்டு, பானட்டுல அழுத்தி மூணு பொட்டு வச்சாங்க.

சேகர் என்னைப் பாத்தான். நான் தாம்பாளத்தைப் பாத்தேன். நல்ல நேரத்துல பொட்டு வைக்கிற சுமங்கலி கையைப் பிடிச்சு நிறுத்த யாருக்கு வாய் வரும்...

மூணாம் நாள் கூப்பிட்டு விட்டாங்க. போர்ட்டிகோவுல கார். சந்தனம் உதிர்ந்திருந்துச்சு. குங்குமம் உதிரலை. பெயிண்டுக்குள்ள இறங்கி, ரத்தக் கறை மாதிரி மூணு இடம்.

"தொடச்சா போகலையே. பெயிண்ட் யாருய்யா கலந்தது?"ன்னாரு முதலாளி.

சேகர் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான், "அண்ணன்தான்யா."

பொய் இல்லை. அதுதான் இன்னைக்கு வரைக்கும் வலிக்குது. வாசப்படியில நின்ன அந்தம்மா ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. நானும் வாயைத் திறக்கலை.

மத்த ரெண்டு காரும் வேலைக்குக் கோயம்புத்தூருக்குப் போச்சு. நான் ஒரு தனியார் பாலிடெக்னிக்ல வாத்தியார் ஆனேன். பெயிண்ட் உள்ள வரைக்கும் இறுக எம்புட்டு நாளாகும்னு வருஷா வருஷம் போர்டுல எழுதுறேன்.

சேகருக்கு இன்னைக்கு பைபாஸ்ல பெரிய ஒர்க்‌ஷாப். காரை அப்படியே சூட்டு ரூமுக்குள்ள விட்டு, முக்கால் மணி நேரத்துல பெயிண்டைக் கல்லு மாதிரி ஆக்கிடுறான். யாரு வேணாலும் பொட்டு வைக்கலாம், துணியால ஒரு இழுப்பு, போயிரும்.

போன மாசம் வழியில பாத்தான். டீ வாங்கிக் கொடுத்தான்.

"இன்னும் முறைக்கிறீங்களேண்ணே. அந்தம்மா பொட்டு வைக்கிறப்ப நான் சொல்லலை, சரி. நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

'அம்மா, இன்னும் ஒரு வாரம் பொறுங்க'. அவ்வளவுதான் வாக்கியம். வீட்டுக்கு வார வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

இத்தனை வருஷமா அவன் மேல வச்சிருந்த கோபத்துல சரிபாதி எனக்குச் சேர வேண்டியதுதான். ஒத்துக்கிறேன்.

மீதிப் பாதியை விடுறதா இல்லை.