மிசின் காற்றில் உட்கார்ந்த அக்கா

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பேச்சும் வராது, நாலு பேர் கூடி நின்றால் ஒதுங்கிப் போய்விடுவேன். போன மாதம், எங்கள் ஊரில் மிசின் வைக்க வந்திருந்த எஞ்சினியர் அம்மா சென்னையிலிருந்து போன் செய்து, "அக்கா எப்படி இருக்காங்கண்ணே?" என்று கேட்டார். "இருக்குங்க" என்பதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன்.

அக்கா என்றதும் என் கண்ணுக்குள் வருவது, மிசினுக்குப் பின்பக்கம் கிடந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலிதான். மீமிசலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஊர்க் கடைசியில் இருந்த பொட்டலில் கொட்டகை போட்டு அந்த மிசினைப் பரீட்சைக்கு வைத்தார்கள். எனக்கு அங்கே காவலும், கூட்டித் துடைக்கிற வேலையும். ஆள் உயரப் பெட்டி அது. முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் விடும். நடுவில் தட்டுத் தட்டாக ஜவ்வரிசி போன்ற வெள்ளை மணிகள். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கதவை மூடிச் சூடேற்றினால் விட்டுவிடும். அதைக் குழாயில் எடுத்து அடைத்து வைப்பார்கள். "உப்பு ஈரத்தைப் புடிச்சுக்குதுல்ல, அது மாதிரிண்ணே. இப்படியே ஊர் ஊருக்குப் புடிச்சா உலகத்தோட சூடு கொஞ்சம் குறையும்" என்றார் எஞ்சினியர் அம்மா. எனக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் அவர் சொல்லும்போது நம்பத் தோன்றியது.

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், ஊருக்கு மறுபக்கம் கரி மூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மண் பூசி, உள்ளே கரியாகக் கனியவிட வேண்டும். மூட்டத்தில் எங்கே வெடிப்பு விட்டாலும் உடனே ஈரமண் அப்பி அடைக்காவிட்டால் உள்ளே இருப்பது சாம்பலாகிவிடும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வெடிப்புகளை அடைத்தது அக்காதான். அதில் நெஞ்சு கெட்டுப்போனது. நாலு எட்டு நடந்தால் விசில் மாதிரி மூச்சு கத்தும். பெரியாஸ்பத்திரியில் வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்து, புகைப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் "இந்த வேலைக்கு எவன் வர்றான்? நீயும் வரலைன்னா மூட்டத்தை எப்படிக் காக்குறது?" என்பார். அக்கா எழுந்து மூட்டத்துக்குப் போய்விடுவாள்.

மிசினைப் பார்க்க ஊரே வந்தபோது மச்சானும் வந்தார். "நான் கரியை மூட்டை கட்டுறேன், இவங்க காத்தை மூட்டை கட்டுறாங்க. எது கனம் மாப்ளே?" என்று சிரித்தார். பிறகு பின்பக்கம் போய் அந்தக் காற்றில் கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். கரியைச் சலித்த காற்று என்று யாரோ சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாளே அக்காவைக் கூட்டிவந்தார். "இங்கிட்டு உக்காரு. நெஞ்சுல அப்புன கரியெல்லாம் போயிரும். கொணமாகுற வரைக்கும் மூட்டத்துக்கு வர வேணாம்." அந்த நாற்காலியைக் கொட்டகைக்குள்ளிருந்து அவரே தூக்கிவந்து போட்டார்.

எஞ்சினியர் அம்மா இதைக் கேட்டுப் பதறிவிட்டார். அக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அக்கா, இது புகை, தூசி எதையும் எடுக்காது. இந்தக் காத்தும் வெளிக் காத்தும் உங்க நெஞ்சுக்கு ஒண்ணுதான். மருந்தை விட்டுடாதீங்க" என்றார்.

அக்கா சேலை மடியிலிருந்து மருந்தை எடுத்துக் காட்டினாள். "விடல தாயி. காத்துல ஒண்ணுமில்லன்னு மொத நாளே தெரியும். ஆனா இங்க உக்காந்திருந்தா அவுக என்னய மூட்டத்துக்குக் கூப்பிடுறதில்ல. வைத்தியம்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. அதை மட்டும் கெடுத்துறாதே."

அதன்பிறகு எங்கள் மூன்று பேருக்கும் ஒரே கவலை. வெயில் ஏற ஏற அந்த மணிகள் மஞ்சளடித்தன. பிடிக்கிற சக்தி குறைந்துகொண்டே வந்தது. தாங்காவிட்டால் மிசினை எடுத்துவிடுவார்கள். தட்டை வெளியே இழுக்கும்போதெல்லாம் அக்கா எட்டிப் பார்ப்பாள். "இன்னும் கொஞ்ச நாள் தாங்குமா தாயி?" என்று பிள்ளையின் காய்ச்சலை விசாரிப்பது போலக் கேட்பாள்.

ஒருநாள் மச்சான் வந்தார். மூட்டம் மூன்று போட்டிருந்தார். "ஏம்மா, இவளுக்குக் கொணமாயிருச்சா? கூட்டிட்டுப் போகவா?" எஞ்சினியர் அம்மா அக்காவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "இப்ப புகைக்குப் போனா, இவ்வளவு நாள் இங்க உக்காந்ததெல்லாம் வீணாப் போயிடும்ங்க" என்றார். மச்சான் தலையாட்டிவிட்டுத் தனியாகத் திரும்பினார். "அளந்து பார்க்காத எதையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்லைண்ணே" என்றார் எஞ்சினியர் அம்மா என்னிடம். அன்று முழுக்க அவர் முகம் வாடியே இருந்தது.

மணிகள் தாங்கவில்லை. மழைக்கு முன்னால் லாரி வந்து மிசினை ஏற்றிக்கொண்டு போனது. வேறு மணி செய்துகொண்டு வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார் எஞ்சினியர் அம்மா. மறுநாள் காலையில் மச்சான், "மிசினுதான் போயிருச்சே, கெளம்பு" என்றார். அக்கா கிளம்பினாள். மூட்டத்துக்கு அல்ல. பொட்டலுக்கு வந்து, மிசின் நின்ற சிமெண்டு மேடையில் உட்கார்ந்தாள். மச்சான் பின்னாலேயே வந்தார்.

"எந்தக் காத்துக்கு இப்ப உக்காந்திருக்கே?"

"எந்தக் காத்துக்கும் இல்ல. அந்த மிசினு காத்துலயும் ஒண்ணுமில்ல. தெரிஞ்சுதான் உக்காந்தேன். இனி மூட்டத்துக்கு வர மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் தெரியுமா மாப்ளே?" நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மூட்டத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

இப்போது அக்காவுக்கு விசில் சத்தம் குறைந்திருக்கிறது. தண்ணீர்க் குடத்தை நிற்காமல் வீடு வரை கொண்டுவருகிறாள். மச்சான் ஒற்றை ஆளாக மூட்டம் போட்டு, வெடிப்புகளையும் அவரே அடைக்கிறார். எங்கள் இரண்டு பேரோடும் பேசுவதில்லை. இந்த ஒரு மாதமாக அவர் இருமுகிறார். நேற்றும் அக்கா ஈரமண் குழைத்த சட்டியோடு மூட்டத்துக்குப் பாதி வழி வரை போனாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். நாளைக்கும் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியவில்லை.

தை பதினொன்று, வியாழக்கிழமை.