பல்லால் கேட்ட சுதி

1. வேட்டு

அம்பதுகளில் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஓர் ஆர்மோனியப் பட்டறையில் இருந்தேன். ரீடு என்கிற பித்தளை நாக்கைச் சுரண்டிச் சுதி சேர்ப்பது என் வேலை. படிப்பு மூணாம் வகுப்பு. காது நல்ல காது.

ஒரு மாரியம்மன் திருவிழாவில் அதிர்வேட்டு என் இடது பக்கம் வெடித்தது. ரத்தம் வந்தது. ஒரு வாரத்தில் வலி போனது. காது திரும்பவில்லை.

முதலாளியிடம் சொல்லவில்லை. செவிடனுக்கு யார் சுதி வேலை கொடுப்பார்? வீட்டில் நாலு வயிறு. இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி இடம் மாறி உட்கார்ந்தேன். தெருவில் போகும்போது முதலாளி இடப்பக்கமிருந்து கூப்பிட்டிருக்கிறார். திரும்பவில்லையாம். "தலைக்கனம் ஏறிப்போச்சு ஒனக்கு" என்றார். செவிடன் என்ற பேருக்கு அது தேவலை.

2. கறம்பக்குடி போன பெட்டி

சுப்பையா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர். நான் சுதி சேர்த்துக் கொடுத்த பெட்டியை ரெண்டே நாளில் திருப்பித் தூக்கிவந்தார்.

"கறம்பக்குடியில மானம் போச்சுங்க. ராஜபார்ட்டு பாடிக்கிட்டு அங்கிட்டுப் போறாரு, என் பொட்டி இங்கிட்டுப் போகுது. 'ரெண்டு பேருக்கும் சண்டையா'ன்னு கூட்டத்துல ஒருத்தன் கேக்குறான்."

முதலாளி வாசித்துப் பார்த்தார். பஞ்சமம் அலையடித்தது. ஒரு கட்டைக்கு ரெண்டு ரீடு. ரெண்டும் ஒன்றாக நிற்காவிட்டால் சுரம் அப்படித்தான் ஆடும்.

எனக்கு விளங்கிவிட்டது. நான் சுதி சேர்த்த அன்று பக்கத்தில் கூட வேலை பார்க்கும் மாணிக்கண்ணன் வேறு பெட்டி வாசித்துக்கொண்டிருந்தார். ரெண்டு காது இருந்தால் எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கலாம். ஒரு காதுக்கு எல்லாம் ஒரே குவியல். அவர் பெட்டிக்கு என் ரீட்டைச் சுரண்டியிருக்கிறேன்.

"என் முன்னாலயே சரி பண்ணு. முடியலேன்னா நாளையிலேருந்து வராத" என்றார் முதலாளி.

ஸ்குரூவைத் திருகி மூடியைக் கழற்றினேன். ரெண்டு கையும் வேண்டியிருந்தது. திருப்புளிப் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தேன். நுனி ரீட் பலகையில் முட்டியது. அந்நேரம் மாணிக்கண்ணன் அதே பெட்டிக்குத் துருத்தி போட்டுக் கட்டையை அமுக்கினார்.

இடது காதில் சுரம் கேட்டது.

யாரோ இடப்பக்கம் வாசிக்கிறார்கள் என்று திரும்பினேன். சுவர்தான் இருந்தது. திரும்பியதில் திருப்புளி விலகியது. காது பழையபடி செத்தது. திருப்புளியைப் போட்டுவிட்டுப் பெட்டிப் பலகையையே கடித்தேன். சுரம் திரும்ப வந்துவிட்டது. தெரு இரைச்சல் எல்லாம் வலது காதில் கிடந்தது. பெட்டி மட்டும் இடது காதில் தனியாக நின்றது.

"யோவ், என்னய்யா பண்றே?" சுப்பையா எழுந்துவிட்டார். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் வாசிக்காத மனுஷர். "சரஸ்வதிய எச்சி பண்ணிட்டானேங்க."

முதலாளி என் தோளைப் பிடித்து இழுத்தார். "வெளிய போடா."

"எடது காது செவிடு முதலாளி. கடிச்சாத்தான் கேக்குது. இந்த ஒரு ரீட்ட முடிச்சிட்டுப் போயிடுறேன்."

முதலாளி தோளில் இருந்த கையை எடுத்தார். மாணிக்கண்ணன் கேட்டார். "அதான் டீக்கடையில எடப்பக்கம் ஒக்காந்து எவ்வளவு நக்கலடிச்சாலும் சிரிக்க மாட்டியா? எனக்குத்தான் சரக்கு தீந்துபோச்சுன்னுல்ல நெனச்சேன்."

கடித்தபடியே சுரண்டினேன். சுப்பையா வாசித்தார். அலை இல்லை. மஞ்சள் தண்ணீர் வாங்கி நான் கடித்த இடத்தைத் துடைத்தார். பல் தடம் போகவில்லை. "சுதி நிக்குது" என்றார். தூக்கிக்கொண்டு போனார்.

3. பதினோரு பெட்டி

"எத்தன நாளா?" என்றார் முதலாளி.

"ரெண்டு மாசமா."

"அதுக்குள்ள எத்தன பொட்டி போயிருக்கு?"

"பதினொண்ணு."

"அம்புட்டையும் திரும்ப வரச்சொல்லு. நீயே பாரு."

அதுதான் எனக்கு வேலை நிலைத்த உத்தரவு. பார்த்ததில் சுப்பையாவுடையதையும் சேர்த்து நாலு பெட்டி தப்பாக இருந்தது. செவிச் சவ்வுதான் கிழிந்திருக்கிறது, உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறது, அதனால் எலும்பு வழியாகப் போகிற சத்தம் கேட்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உடம்பில் குறை வந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கெட்டது என் காது ஒன்று. மறைத்ததால் நாலு பேர் பெட்டி கெட்டது.

ஆயுத பூஜைக்கு முன்னால் சுப்பையா இன்னொரு பெட்டி அனுப்பினார். அதில் தோல் சீவிய வேப்பங்குச்சி ஒன்று கட்டியிருந்தது. பெட்டியைக் கடிக்காமல் இதைக் கடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அதன் பிறகு எல்லாப் பெட்டிக்கும் குச்சிதான். ஒரு முனை பலகையில், மறு முனை பல்லில். முதல் சுரத்துக்கு மட்டும் இன்றைக்கும் இடது பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.