ஒரு ஸ்பூன் தண்ணீரும் வெள்ளிமலை பஸ்ஸும்

கட்டிலில் ஆள் இல்லை. ஸ்டாண்டில் மருந்து பாட்டில் மட்டும் தொங்கியது. டியூப் முனை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான் நிறுத்திவைத்திருந்த வீல்சேரையும் காணோம்.

அந்தக் கட்டில்காரியை டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரும்பு வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தேன், கேரளாவில் ஓட்டலில் மாவு ஆட்டினேன். எந்த ஊரிலும் கால் தரிக்கவில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் பயிற்சி எடுக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் காண்ட்ராக்ட் வேலை கிடைத்தது. மழைக்காலம் முடிகிற வரைக்கும் என்றுதான் சேர்ந்தேன். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அவள் பெயர் ராமாயி. கல்வராயன் மலைக்காரி. மரவள்ளிக் கொல்லையில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் காலில் கடித்துவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றியதில் உயிர் நின்றது. ஆனால் சிறுநீரகம் படுத்துவிட்டது. மூத்திரம் வரவில்லை. அதற்காக ஒரு தடவை டயாலிசிஸ் போட்டாயிற்று, அன்றைக்கு இன்னொரு தடவை போட வேண்டும். கூட இருந்தது அவள் புருஷன் பொன்னுசாமி. கூப்பிட்டால் மட்டும் பேசுகிற ஆள்.

சிஸ்டரிடம் ஓடினேன். காலியான கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "இப்ப மெஷின்ல போடலன்னா மூச்சு முட்டிடும்பா. மலையேறினா அந்தம்மா திரும்பி வராது. ஓடு!"

வீல்சேர் வெளி கேட்டில் இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் காலியாக நின்றது.

"ஒரு ஆளு பொம்பளைய அப்படியே தூக்கி ஆட்டோல வச்சிக்கினு போனாருப்பா. பஸ் ஸ்டாண்டுன்னாரு," என்றார் இளநீர்க்காரர். "நல்ல மனுசன், உன் வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான் போனாரு."

நானும் ஒரு ஆட்டோவில் ஏறினேன். பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்தார்கள். ராமாயி ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். முகம் வீங்கி, கண் பாதிதான் திறந்திருந்தது. கையில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்டரை முந்தானையால் மூடியிருந்தாள்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கே? மெஷின்ல போடணும்னு சொன்னாங்க இல்ல?"

"வேணாங்கண்ணா," என்றான் பொன்னுசாமி. "வூட்லயே போவட்டும்."

"இன்னா போவட்டும்?"

"உசுரு."

அதை அவன் கோபமாகவும் சொல்லவில்லை, அழுதுகொண்டும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருய்யா உங்கிட்ட அப்படிச் சொன்னது?"

"சொல்லணுமாங்கண்ணா? காலைல அத்தன பேரும் கட்டில சுத்தி நின்னாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. பெரியவரு மட்டும் பேசினாரு. எங்க மலைல ஒருத்தரு சாகக் கெடந்தா ஊரே வந்து இப்படித்தான் சுத்தி நிக்கும். வயசுல மூத்தவருதான் பேசுவாரு. அப்புறம் ஒரு பொண்ணு வந்து இவ வாயில ஸ்பூன்ல தண்ணி ஊத்திச்சி. ஊத்திட்டுக் கண்ணத் தொடச்சிக்கிச்சி. அதுக்கு மேல இன்னா சொல்லணும்?"

அது தினமும் நடக்கிற கிளாஸ். பெரிய டாக்டரை எல்லோரும் சீஃப் என்போம். அவர் ஒரு நோயாளியின் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் பாடம் நடத்துவார், படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு சுற்றி நின்று கேட்பார்கள். நான் அந்தக் கூட்டத்தை விலக்கிவிட்டு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேனே தவிர, கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு அது எப்படித் தோன்றும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"அது பாடம்யா! பசங்களுக்குப் பாடம் நடத்துறாரு!"

ராமாயி கண்ணைத் திறந்தாள். "என்ன வச்சா?"

"ஆமாம்மா."

"நான் இன்னா புஸ்தகமா?"

கண்டக்டர் வண்டியைத் தட்டினார். "எறங்குறவங்க எறங்குங்கப்பா, வண்டி எடுக்கப் போறோம்!"

"ரெண்டு நிமிசம் நில்லு சார், உசுரு போற விசயம்," என்று அவரிடம் கெஞ்சிவிட்டு சிஸ்டருக்குப் போன் போட்டேன். படிக்கிற பிள்ளைகளில் தண்ணீர் கொடுத்த பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, போனை ஸ்பீக்கரில் போட்டு ராமாயி முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்தப் பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அக்கா, எங்க போனீங்க? மருந்து கேக்குது, டயாலிசிஸ் பண்ணா சிறுநீரகம் சரியாயிடும்னுதான் சார் எங்களுக்குச் சொன்னாரு."

"நீ எதுக்குத் தண்ணி ஊத்தினே?"

"தாகம்னு கேட்டீங்களேக்கா. உங்களுக்குத் தண்ணி ஜாஸ்தி குடுக்கக் கூடாது, அதான் ஸ்பூன்ல குடுத்தேன்."

"அழுதியே?"

"அழலக்கா. ராத்திரி டூட்டி. தூக்கம் தாங்கல, கொட்டாவி விட்டதுல கண்ணு கலங்கிச்சி."

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "சாகப் போறீங்கன்னா நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் நிஜமாகவே அழ ஆரம்பித்தது.

பொன்னுசாமி அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்காரர்கள் நாலும் சொல்வார்கள் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்தில்தான் அவன் போன் அடித்தது. அவன் தம்பி. காலையில் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நின்றதுமே பொன்னுசாமி அவனுக்குப் போன் பண்ணிவிட்டானாம். மலையில் சிக்னல் சரியாக இருக்காது என்பதால் அவர்கள் போனில் கத்தித்தான் பேசுவார்கள்.

"அண்ணே, குழி வெட்டியாச்சி! எந்த பஸ்ஸுல கொண்டாற?"

அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

ராமாயி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க வெட்டினானாம்?"

அவன் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான்.

"கேக்கறேன் இல்ல, எங்க?"

"பலா மரத்தாண்ட."

"அது என் மரவள்ளிக் கொல்லையாச்சே! கெழங்கு புடிக்கிற நேரத்துல செடியப் புடுங்கிட்டானா?" அத்தனை நேரம் பேச முடியாமல் கிடந்தவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். "எறக்குய்யா என்ன. மெஷினோ கிஷினோ, போட்டுக்கினு நான் வூட்டுக்குப் போவணும். அவன ரெண்டு கேள்வி கேக்கணும்."

நானும் பொன்னுசாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி இறக்கினோம். ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரி வந்து சேருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. சிஸ்டரும் மற்றவர்களும் கேட்டிலேயே காத்திருந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர்களில் பாதிப் பேர் கூடவே ஓடினார்கள். பிழைத்தாள். இன்னும் பல தடவை டயாலிசிஸ் போட வேண்டியிருந்தது. கடைசியில் மூத்திரம் வந்த நாளில் வார்டே சந்தோஷப்பட்டது.

விஷயத்தை சீஃபிடம் சிஸ்டர்தான் சொன்னார். அவர் யாரையும் திட்டவில்லை. மறுநாள் கிளாஸுக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராமாயியிடம் தமிழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்தார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு கட்டிலைச் சுற்றி நிற்பதற்கு முன்னால், எதற்காக நிற்கிறோம் என்பதைப் படுத்திருக்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டாம், நாமே சொல்லலாம். கிளாஸ் வருகிறது என்று தெரிந்தால் இப்போதெல்லாம் நான் முன்னால் போய், "படிக்கிற பசங்க வராங்கம்மா, பயப்படாதீங்க," என்று சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு ராமாயி செக்கப்புக்கு வந்தாள். சீஃப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். கூட்டம் சுற்றி நின்றது. ராமாயி கையை நீட்டிப் பொன்னுசாமியின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ போயி டீ குடிச்சிட்டு வா," என்றாள். "இவங்க பாடம் முடிய நேரமாவும்."