சாரலில் இழுக்காத மணி

காலமாகிவிட்ட என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஒரு எவர்சில்வர் தட்டும், அதில் அசையாமல் கிடந்த காகிதத் துணுக்குகளும்தான். எனக்குக் கல்யாணமாகி மேலகரத்தில் அவர் வீட்டில் மறுவீட்டு விருந்து நடந்த நாள். ஆனி மாதம். இரண்டு வீட்டாரும் காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்திருந்தோம். சன்னல் கம்பியெல்லாம் சாரலில் நனைந்திருந்தது. கொடியில் போட்ட துணி எதுவும் காயாத நாட்கள் அவை.

மாமனார் தென்காசியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் சிக்கினால் போதும், பாடம் எடுத்துவிடுவார். அன்று அவரிடம் சிக்கியது என் கழுத்திலிருந்த மாலை. தேன் நிறத்தில் அம்பர் மணிகள். அம்மாவின் அப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. அம்மா அதை ஆசையாக எனக்குப் போட்டு அனுப்பியிருந்தாள். அம்பர் கல்லே இல்லை, எந்தக் காலத்திலோ மரத்தில் வடிந்த பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகியது என்று ஆரம்பித்தார். அதைத் துணியில் தேய்த்தால் சின்னத் துணுக்குகளை இழுக்கும் என்று கிரேக்கர்கள் கண்டிருந்தார்களாம். அவர்கள் மொழியில் அம்பருக்குப் பெயரே எலெக்ட்ரான். மின்சாரத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அதிலிருந்து வந்தது. வெகு காலம் கழித்து, அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய எதிர்மின் துகளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். தேய்க்கும்போது அந்தத் துகள்கள் துணியிலிருந்து மணிக்குத் தாவும், அதனால்தான் காகிதம் வந்து ஒட்டும் என்று சொல்லி, மாலையைக் கழற்றித் தரச் சொன்னார்.

பட்டு வேட்டியில் தேய்தேயென்று தேய்த்துத் தட்டுக்கு மேல் பிடித்தார். துணுக்கு ஒன்றும் அசையவில்லை. மறுபடி தேய்த்தார். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. "இது அசல் இல்லம்மா, ஏதோ போலி மணி" என்று மாலையை என் கையில் வைத்தார். வேண்டுமென்று அவமானப்படுத்துகிற மனிதர் இல்லை. பாடம் தோற்றுவிடக் கூடாது என்கிற அவசரம். கதவோரம் நின்ற அம்மா, "எங்கப்பா யார்ட்டயோ ஏமாந்துட்டாவ போலுக்கு" என்று சிரித்துச் சமாளித்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போலியைப் போட்டு அனுப்பிப் புகுந்த வீட்டில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று கோபம் வந்தது அம்மா மேல்தான். மாலையை பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள் மாமனார் அதைக் கேட்டு வாங்கினார். சட்டையைக் கழற்றும்போது படபடவென்று மின்பொறிச் சத்தம் வந்ததாம், அப்போதுதான் உறைத்ததாம். தேய்த்துப் பிடித்ததும் துணுக்குகள் துள்ளி ஒட்டிக்கொண்டன. அவர் சந்தோஷப்படவில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் மணியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும். சேர்ந்த மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடும். பள்ளியில் இந்தச் சோதனையை எப்போதும் வெயில் காலத்தில்தான் செய்து காட்டியிருக்கிறார். குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் சாரலை மறந்துவிட்டார்.

"பிளாஸ்டிக் சீப்புகூடத்தான் இழுக்கும். அதனால அசல்னும் சத்தியம் பண்ண முடியாது. ஆனா போலின்னு நான் சொன்னது தப்பும்மா" என்றார். மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா இருக்கும் சிவகிரிக்கு பஸ் ஏறினார். பாடம் எடுக்காத மாமனாரை அன்றுதான் பார்த்தேன். எனக்கோ உள்ளூரக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

அம்மாவைக் கண்டதும் கைகூப்பினார். "தங்கச்சி, அத்தனை பேருக்கு முன்னால உங்களைத் தலைகுனிய வச்சிட்டேன்" என்றார். அம்மா பதறிப்போய் அவரை உட்காரச் சொல்லி, காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"மணி எப்படியும் இருந்துட்டுப் போகுது அண்ணாச்சி. அன்னைக்கு நான் ஊருக்குக் கெளம்பும்போது, வழியனுப்ப இவ வாசலுக்கு வருவான்னு நின்னு நின்னு பாத்தேன். வரவேயில்ல. அதுதான் இன்னும் ஆறல."

மாமனார் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்து, வேடிக்கை பார்க்கத்தான் நான் கூடப் போயிருந்தேன்.