ஆகட்டுங்க

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அதற்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். "கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துபோடோணுமுங்க" என்று பத்திரிகை வைத்தால், "ஆகட்டுங்க." கோயில் வேலைக்கு நன்கொடை கேட்டு வந்தால், "ஆகட்டுங்க." சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், ஆளை விடு என்றும் வைத்துக்கொள்ளலாம். சொன்னவருக்குச் சங்கடம் இல்லை, கேட்டவருக்கும் முகம் வாடாது. கோயம்புத்தூர் மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் வாய் நிறையச் சொல்கிறார்களே, அதில் பாதி இதுதான். எனக்கு இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீடு பாகம் பிரித்த வீடு. முன்பாதி கொழுந்தனாருக்கு, பின்பாதி எங்களுக்கு. புழக்கடையை மட்டும் சுவர் வைத்துத் தடுக்கவில்லை. மாமியார் காலத்து மருதாணிச் செடி ஒன்று நடுவில் புதராக மண்டிக்கிடந்தது. அளந்து பார்த்தால் வேர் அவர்கள் பக்கம், கிளையெல்லாம் எங்கள் படுக்கையறை ஜன்னல் பக்கம். அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு வீட்டாரும் விட்டுவிட்டோம்.

அந்த ஜன்னலை ஒட்டித்தான் என் வீட்டுக்காரரின் கட்டில். லேத் பட்டறை நடத்தியவர். பட்டறை இரைச்சலில் பேசிப் பேசி, வீட்டிலும் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி "ஏம்புள்ள!" என்று கூப்பிடுவார். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. உயிரைக் காப்பாற்றியாயிற்று, மற்றது மெல்ல வரும் என்றார்கள். வரவில்லை. அதைவிடக் கொடுமை, சாப்பிட மாட்டார். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். விழுங்க முடியாமல் இல்லை, அடுத்தவர் கையால் தின்பதில்லை என்ற வீம்பு. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கே அந்தக் குழாயை நினைக்கப் பிடிக்கவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கவும் வழியில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஆப்பிள் படம், பஸ் படம், பசு மாட்டுப் படம் என்று அட்டைகளைக் காட்டி "இது என்னங்கய்யா?" என்பாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு பட்டறையையே கட்டி ஆண்ட மனிதனிடம் பசு மாட்டுப் படத்தைக் காட்டினால் வேறு என்ன செய்வார்?

அப்படித் திரும்பிக்கிடந்த நாட்களில்தான் மருதாணிச் செடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியது. புத்தகத்தில் சின்னான் என்று போட்டிருக்கும். கறுப்புத் தலை, சின்னக் கொண்டை, வாலுக்கு அடியில் சிவப்பு. எனக்குக் குருவிகள் மேல் தனிப்பாசம் ஒன்றும் கிடையாது. மாடியில் வடகம் காயப்போட்டால் வந்து கலைக்கிற கூட்டம் என்ற அளவில்தான் பழக்கம். நாரும் சருகும் கொண்டுவந்து ஒரு டீ கிளாஸ் அளவுக்குக் கிண்ணம் மாதிரி கட்டியதையும், ஒன்று உட்கார்ந்து அடைகாத்ததையும் அவர் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்பதற்காக நானும் பார்த்தேன்.

முட்டை பொரிந்து குஞ்சு வந்தது. இரண்டு. மயிரில்லாத, அசிங்கமான குஞ்சுகள், உண்மையைச் சொன்னால் பார்க்கவே கூசும். உடம்பைவிட வாய் பெரிது. தாயும் தகப்பனும் மாற்றி மாற்றி வந்து ஊட்டின. கிளை ஆடினால் போதும், கண் திறக்காத அந்த இரண்டும் கழுத்தை நீட்டி வாயைப் பிளக்கும். ஊட்டி முடித்ததும் குஞ்சின் எச்சத்தை அலகில் கவ்விக்கொண்டு போய் எங்கோ போட்டுவிட்டு வரும். அதைப் பார்த்த அன்றைக்கு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்போதுதான் அவருக்குத் துணி மாற்றி முடித்திருந்தேன். "பாருங்க, அங்கயும் இதே பொழப்புத்தான்" என்றேன். அவர் வாயின் ஒரு ஓரம் மேலே போனது.

அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, ராகிக்கஞ்சியை வைத்துக்கொண்டு நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, பச்சைப் புழு ஒன்றைத் தூக்கிக்கொண்டு தாய் வந்து உட்கார்ந்தது. "பூ...ச்சி" என்றார் இவர்.

ஸ்பூன் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை பூச்சி. என் பேரைச் சொன்னால் என்ன என்று ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது. பிறகு சமையலறைக்குள் போய் அழுதேன்.

அதிலிருந்து நானும் ஒரு சூட்சுமம் கண்டுகொண்டேன். கஞ்சியை ஆற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கிளை ஆடும். குஞ்சுகள் வாயைப் பிளக்கும். பார்த்துக்கொண்டே இவரும் தன்னை அறியாமல் வாயைத் திறப்பார். ஸ்பூனை உள்ளே விட்டுவிடுவேன். இப்படியே ஒரு கிண்ணம் முழுக்க உள்ளே போனது. "வந்துச்சு", "ஊட்டுது", "போச்சு" என்று ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. பயிற்சிப் பெண் அட்டைகளைப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். குழாய் பற்றி டாக்டர் பேசுவது நின்றது. செம்போத்து ஒன்று சுவரோரம் குஞ்சுக்கு நோட்டம் விட்டுத் திரிந்தது. அதை விரட்டுவதற்காகவே துணி உலர்த்தும் கம்பை ஜன்னலருகில் சாய்த்து வைத்திருந்தேன்.

செம்போத்தைத்தான் பார்த்தேன். கொழுந்தனாரைப் பார்க்கவில்லை.

அவருடைய பெண்ணுக்கு அன்னூர்ப் பக்கம் சம்பந்தம் கூடியிருந்தது. நிச்சயதார்த்தத்தை எங்கள் ஆட்கள் உறுதி வார்த்தை என்போம். அதை வீட்டிலேயே வைத்து, புழக்கடையில் பந்தல் போட்டு விருந்து என்று முடிவாகியிருந்தது. இடம் பற்றாது, மருதாணியை எடுத்துவிடலாம் என்று பந்தல்காரரிடம் அவர் பேசியது என் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே போய் நின்றேன்.

"ஏனுங் நங்கை, வாங்க வாங்க. அண்ணன் எப்படி இருக்காருங்க?" என்றார். அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையில் அவர் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

"தம்பி, அந்த மருதாணியை இப்பத்திக்கு வெட்ட வேண்டாமுங்க. அதுல குஞ்சு இருக்குது. உங்க அண்ணன் அதைப் பாத்துத்தான் வாயே தொறக்கறாரு. குஞ்சு பறந்துபோட்டா அப்புறம் வேரோட புடுங்கிப் போடுங்க, நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். இன்னும் கொஞ்ச நாளைக்குத்தானுங்க."

அவர் தலையை ஆட்டிக் கேட்டார். முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஆகட்டுங்க நங்கை."

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லோடு வாழ்கிறவள் நான். வேறு யாரிடம் அவர் சொல்லியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்கும். எனக்குச் சொன்னபோது மட்டும் சரி என்று காதில் விழுந்தது. வேண்டியது அதுதானே. இன்னொரு தரம் அழுத்திக் கேட்டிருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஆகட்டுங்க என்று ஒருத்தர் சொன்னபின் மறுபடி கேட்டால், உன் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். பங்காளி வீட்டில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. காபி குடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஒரு நாள் காலையில் அவரை ஆட்டோவில் ஏற்றிப் பிசியோதெரப்பிக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது உச்சி வெயில். கட்டிலில் படுக்கவைத்து ஜன்னலைத் திறந்தால் அறைக்குள் வெளிச்சம் கொட்டியது. அந்த ஜன்னலில் அவ்வளவு வெளிச்சம் ஒரு நாளும் வந்ததில்லை. மருதாணி இல்லை. தரையைப் பெருக்கித் தண்ணீர்கூடத் தெளித்திருந்தார்கள்.

"கூட்டை ஒண்ணும் பண்ணலீங்க நங்கை, பத்திரமா எடுத்து வெச்சிருக்கறோமுங்க" என்றார் கொழுந்தனார். வைத்திருந்தார்கள், காம்பவுண்டுச் சுவர் மேல், ஒரு பிளாஸ்டிக் தட்டில், அடியில் பஞ்சு போட்டு. நிழல் வேண்டும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரு குஞ்சு காய்ந்து கிடந்தது, எறும்பு வந்துவிட்டது. இன்னொன்று என் நிழல் விழுந்ததும் வாயைத் திறந்தது.

கூட்டை எடுத்துவந்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். தாய் புழுவோடு வந்தது. கூட்டின் பக்கம் திரும்பவே இல்லை. பழைய கிளை இருந்த இடத்துக்குப் போய், கூடு இருந்த அதே உயரத்தில், வெறும் காற்றில் சிறகடித்து நின்றது. உட்கார இடமில்லாமல் சுவருக்குப் போனது. மறுபடி வந்து அங்கேயே சிறகடித்தது. இரண்டு முழம் தள்ளி அதன் குஞ்சு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. "இங்க, இங்க" என்று நான் பைத்தியம் மாதிரி கத்தினேன். கத்தியது வேறு அதை விரட்டியிருக்கும். ஊட்டிப் பார்க்கலாம் என்று வாழைப்பழத்தைக் கசக்கி வைத்தேன், விழுங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அந்த வாயும் மூடிவிட்டது.

அவர் எல்லாவற்றையும் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலைத் திருப்பிப் போட எனக்குத் தோன்றவில்லை. ராத்திரிக் கஞ்சிக்கு வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. பூச்சியும் இல்லை, போச்சும் இல்லை.

உறுதி வார்த்தை நன்றாக நடந்தது. பெண்ணுக்குக் கடையில் வாங்கிய மருதாணிக் கோனில் கை நிறைய வரைந்திருந்தார்கள். விருந்து முடிந்து கொழுந்தனார் மைசூர்பாக்கும் தட்டுமாக எங்கள் அறைக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பேன். கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, மரத்துல செஞ்ச குருவிக்கூடு ஆன்லைன்ல வருதுங்க. ஒண்ணு வாங்கி இந்த ஜன்னல்ல மாட்டிப்போடலாம். வேற குருவி வந்துருமுங்க. மாட்டலாமுங்களா?"

இவர் தம்பியையே பார்த்தார். வாய் கோணியது.

"ஆ...கட்டு...ங்க."

கொழுந்தனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாத்தீங்களா நங்கை, அண்ணன் பேசறாரு! செரின்னு சொல்லிப்போட்டாரு!" என்று வெளியே ஓடி எல்லோரையும் கூட்டிவந்து காட்டினார். வயதில் இளையவனுக்கு இவர் ஒரு நாளும் "ங்க" போட்டதில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

மரக்கூடு வந்து ஜன்னலில் தொங்குகிறது. கொண்டைக்குருவி பெட்டிக்குள் கூடு கட்டாது என்று பயிற்சிப் பெண் சொன்னாள். அவள் இப்போது மறுபடி அட்டைகளோடு வருகிறாள். இவருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் தங்கிவிட்டது.

இன்று காலை கஞ்சியைக் கலக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஜன்னல் பக்கம் திருப்பி உடட்டுங்களா?" என்றேன்.

"ஆகட்டுங்க" என்று சுவரைப் பார்த்தபடி கிடந்தார்.

"ஒரே ஒரு வாய் வாங்கிக்குங்க."

"ஆகட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டார். மறுபடி கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன்.